அதிகப்பிரசங்கிகள் தேவை

எங்கள் முனிர்கா வட்டாரத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவுக்கு இந்த ஆண்டு அழைப்பிதழ் இரண்டு மொழிகளில் அச்சாயிற்று. மாடியிலும் கீழ்வீட்டிலும் இருக்கும் பஞ்சாபி, வங்காளிக் குடும்பங்களையும் அழைக்க வேண்டும், அவர்கள் நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதாது என்று குழுவில் முடிவாகியிருந்தது. ஆங்கிலப் பக்கத்தைத் தயாரிக்கும் பொறுப்பைப் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் விட்டோம். கெட்டிக்காரப் பெண். தமிழ்ப் பக்கத்தில் 'சிறப்புப் பேச்சாளர்' என்று இருந்த இடத்தில், ஆங்கிலத்தில் அவள் 'எமினென்ட் ரெட்டர்' என்று போட்டிருந்தாள்.

புரூப் சுற்றுக்கு வந்தது. முதலில் பார்த்த பெரியவர், "இது அச்சுப் பிழை, ரைட்டர் என்று இருக்க வேண்டும்" என்றார். பக்கத்திலிருந்தவர், "ரைட்டரா? எந்த ஸ்டேஷன் ரைட்டர்?" என்று கேட்டார். சிரித்து முடித்த பிறகு அந்தப் பெண் செல்போனில் அகராதியைத் திறந்து காட்டினாள். சொல் இருக்கத்தான் செய்கிறது. சொற்பொழிவுக் கலையில் வல்லவர், அக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர் என்று பொருளும் போட்டிருந்தது. அவ்வளவுதான். குழுவில் பெரும்பான்மையோர், "கம்பீரமாக இருக்கிறது, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன். "நீங்கள் எதற்கும் வேண்டாம் என்பீர்கள்" என்றார் செயலாளர். அது ஓரளவு உண்மைதான். ஆனால் இந்த விஷயத்தில் ஏன் வேண்டாம் என்றேன் என்பதை விளக்கமாகச் சொல்ல அன்று நேரமில்லை. அதைச் சொல்லப் போய், விழாவில் நாம் நடத்தும் இன்னொரு காரியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல். ஆங்கிலம் பேசும் நாடுகளில் சாதாரண மனிதர்கள் யாரும் இன்னொருவரை ரெட்டர் என்று அழைப்பதில்லை. 'ஸ்பீக்கர்' என்பார்கள். மிகவும் பாராட்ட வேண்டுமானால் 'ஆரேட்டர்' என்பார்கள். 'ரெட்டரீஷியன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதில் பாதி பாராட்டு, பாதி நையாண்டி. ஒருவர் பேச்சை 'வெறும் ரெட்டரிக்' என்று சொன்னால் சரக்கில்லாத வாய்ச்சவடால் என்று அர்த்தம். இந்தக் குடும்பத்திலேயே அதிகம் புழங்காத உறுப்பினர்தான் ரெட்டர். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சாசர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். இன்று இதை உயிரோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'ரெட்டரிக்' என்றே ஒரு துறை இருக்கிறது. அங்குள்ள வழக்கில், கேட்பவர் மனத்தை ஒரு பக்கம் திருப்புவதற்காகப் பேசுகிறவர் மட்டுமல்ல, எழுதுகிறவர், விளம்பரம் தயாரிக்கிறவர் எல்லாருமே ரெட்டர்தான். அழைப்பிதழில் அந்தச் சொல்லைப் பார்க்கும் எதிர்வீட்டுப் பஞ்சாபி நண்பர், வருகிறவர் ஏதோ ஒரு துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று நினைப்பாரே தவிர, பேச வருகிறார் என்று நினைக்க மாட்டார். இது என் முதல் ஆட்சேபணை. இது சின்னது.

அந்தச் சொல் பிறந்த ஊரில் அதற்கிருந்த பொருளை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் பெரியது.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில், கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளில், குடிமக்கள் பினிக்ஸ் என்ற குன்றின் மேல் கூடுவார்கள். கட்டியக்காரன் எழுந்து, பேச விரும்புகிறவர் யார் என்று கேட்பான். எழுந்து மேடையேறுகிறவன்தான் ரெட்டர். பட்டம் கிடையாது, பொன்னாடை கிடையாது. செருப்புத் தைப்பவனும் ஏறலாம், கப்பல் வைத்திருப்பவனும் ஏறலாம். நடைமுறையில் பழகிய சிலரே அடிக்கடி ஏறினார்கள் என்பது வேறு விஷயம். நம் சங்கப் பொதுக்குழுவிலும் அப்படித்தானே! ஆனால் ஏறினவனுக்கு ஒரு பொறுப்பு உண்டு. அவன் கொண்டுவந்த தீர்மானம் சட்டத்துக்கு முரணானது என்று எவரும் அவன்மேல் வழக்குப் போடலாம். மூன்று முறை அப்படித் தண்டிக்கப்பட்டால் பேசும் உரிமையே போய்விடும். ரெட்டர் என்றால் சொன்ன சொல்லுக்குத் தலையைக் கொடுப்பவன் என்று பொருள்.

இந்தச் சொல் ரோமுக்குப் போனதும் வேறு உடை உடுத்திக்கொண்டது. அங்கே பொது இடத்தில் பேசுகிறவர் 'ஓரேட்டர்'. பேசச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்தான் 'ரெட்டர்'. கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் வெஸ்பேசியன் இந்த வாத்தியார்களுக்கு அரசு கஜானாவிலிருந்து சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்தார். குவின்டிலியன் என்ற பெரிய ஆசிரியர் அப்படிச் சம்பளம் வாங்கியவர். இவர்களுடைய பள்ளிகளில் மாணவர்களுக்குக் கற்பனை வழக்குகளைக் கொடுத்து இரண்டு கட்சியாகப் பேச வைப்பார்கள். கடற்கொள்ளைக்காரர்கள், கொடுங்கோலர்கள், தந்தையால் விலக்கப்பட்ட மகன்கள் என்று நிஜ வாழ்க்கையில் யாரும் சந்திக்காத சங்கதிகள். அந்தக் காலத்து ரோமானியர்களே இதைக் கேலி செய்திருக்கிறார்கள். கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

வள்ளுவர் அமைச்சனுக்குரிய தகுதிகளை அடுக்கிச் சொல்லும்போது 65-ஆம் அதிகாரத்தைச் சொல்வன்மைக்கு ஒதுக்குகிறார். அதோடு விடாமல் 72-ஆம் அதிகாரத்தில் அவை அறிதலையும், 73-இல் அவை அஞ்சாமையையும் வைக்கிறார். அவையைக் கண்டு அஞ்சுகிறவன் கற்ற நூலைப் போர்க்களத்தில் நடுங்குபவன் கையிலுள்ள வாளோடு ஒப்பிடுகிறார். கம்பன் அனுமனைச் 'சொல்லின் செல்வன்' என்று இராமன் வாயால் சொல்ல வைக்கிறான். கவனிக்க வேண்டும்: அனுமன் அங்கே ஒரு மணி நேரம் முழங்கவில்லை. தன்னை யார் என்று சொல்லி வந்தவர்களை யார் என்று கேட்ட சில வார்த்தைகள்தான். அதற்கே அந்தப் பெயர். பின்னாளில் ரா.பி. சேதுப்பிள்ளைக்கும் ஈ.வெ.கி. சம்பத்துக்கும் அந்தப் பட்டம் வழங்கிற்று.

ஆனால் முன்பின் தெரியாத பொதுமக்கள் கூட்டத்தின் முன் நின்று ஒருவர் தன் கருத்தை உரைநடையில் எடுத்துச் சொல்வது என்பது தமிழில் அவ்வளவு பழைய வழக்கம் அல்ல. பழைய நாளில் நூல் அரங்கேற்றம் உண்டு, புராணம் படித்துப் பொருள் சொல்வது உண்டு, கதாகாலட்சேபம் உண்டு. எல்லாவற்றிலும் கையில் ஒரு நூல் இருக்கும். மேடைப் பேச்சின் தொடக்கத்தைத் தேடிப் போனால் யாழ்ப்பாணம் போக வேண்டியிருக்கிறது. நல்லூர் ஆறுமுகம் (1822–1879) மெதடிஸ்த பாதிரியார் பீட்டர் பெர்சிவல் நடத்திய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். பாதிரிமார் பிரசங்கம் செய்யும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அதே முறையில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் 'நாவலர்' என்ற பட்டம் கொடுத்தார்கள். எதிராளியின் ஆயுதத்தைக் கற்று அவன் முன்னாலேயே வீசிக் காட்டியவர் என்று சொல்லலாம்.

பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மதுரையில் தங்கி மேடைத் தமிழை ஆராய்ந்தவர், 2016-இல் காலமானார். அவருடைய முதல் நூல் 2009-இலும், இறந்த பின் இன்னொரு நூல் 2021-இலும் வெளிவந்தன. பாதிரிமாரின் பிரசங்கத்திலிருந்து சைவப் பிரசங்கம், அதிலிருந்து சுதேசி இயக்கத்து அரசியல் பேச்சு, அதிலிருந்து திராவிட இயக்கத்து மேடைத் தமிழ் என்று ஒரு வழியை அவர் காட்டுகிறார். நம் மேடைத் தமிழின் சரித்திரத்தை ஓர் அமெரிக்கர் வந்து எழுத வேண்டியிருந்ததே என்று வருத்தப்படலாம். நான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அந்த வழியில் 1908 ஒரு முக்கியமான மைல்கல். தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவா கூலித் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் நின்று கேட்கத் தமிழில் பேசினார். அதுவரை காங்கிரஸ் கூட்டங்களில் கனவான்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். சிவாவின் பேச்சைப் போலீசார் குறிப்பெடுத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல் தண்டனையும், வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இராஜத்துரோகத்துக்கு இருபது ஆண்டும் சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. இருந்தாலும் பேசியதற்காக இத்தனை ஆண்டு! ஏதென்ஸ் நகரத்துப் பொருளில் ரெட்டர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் தமிழில் நான் முதலில் சொல்லக்கூடிய பெயர் சுப்பிரமணிய சிவாதான்.

தில்லிக்கும் இதில் பங்கு உண்டு. வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1919-இல் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேசியது இங்கேதான். 'வெள்ளி நாக்கு ஆரேட்டர்' என்று ஆங்கிலேயர்களே அவரைக் கொண்டாடினார்கள். ரெட்டர் என்று சொல்லவில்லை. 1934 தேர்தலில் வென்று மத்திய சட்டசபைக்கு வந்த தீரர் சத்தியமூர்த்தி முழங்கியதும், 1962-இல் மாநிலங்களவைக்கு வந்த அண்ணா தம் முதல் உரையைப் பேசியதும் அந்த வட்டக் கட்டடத்தில்தான். 2023-இலிருந்து அதற்கு சம்விதான் சதன் என்று பெயர். மூவரும் தில்லியில் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் அண்ணா ஊருக்குப் போனால் அடுக்குமொழித் தமிழ். பெரியாரோ எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலப் பேச்சுத் தமிழ். இருவருக்கும் ஒரே கூட்டம் மணிக்கணக்கில் உட்கார்ந்தது என்பதை மேடைத் தமிழ் என்றாலே அடுக்குமொழி என்று நினைப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பேச்சாளரைப் புகழ நமக்கு இத்தனை சொற்கள் இருப்பதுபோலவே, இகழவும் குறைவில்லை. வாயாடி, வாய்வீச்சு, வாய்ப்பந்தல். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் நாம் நாலு வார்த்தை புத்தி சொன்னால் "பாஷண் மத் தோ" என்று இந்தியில் வாயை அடைத்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த சொல் 'அதிகப்பிரசங்கி'. பிரசங்கி என்றால் மரியாதை; விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு புத்தகத்துக்கே அந்தப் பெயர். முன்னால் 'அதிக' என்று சேர்த்துவிட்டால் உடனே வசவு! அந்த வசவை யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றால் பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்த்து. பெரியவர் பேசினால் பிரசங்கம், சின்னவன் பேசினால் அதிகப்பிரசங்கம்.

இப்போது நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். நம் விழாக்களில் ஆண்டுதோறும் சிறுவர் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். அதை ஆங்கிலத்தில் 'எலொக்யூஷன்' என்று போடுகிறோம். அந்தச் சொல்லின் கதையும் வேடிக்கையானது. இலத்தீனில் அது தக்க சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கலையைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஷெரிடன் போன்றவர்கள் இங்கிலாந்தில் அதை உச்சரிப்பு, குரல், கையசைப்பு ஆகியவற்றுக்கான பெயராக மாற்றிவிட்டார்கள். சொல்லைத் தேர்ந்தெடுப்பது போய், பிறர் எழுதிய சொல்லை அழகாக ஒப்பிப்பது என்றாகிவிட்டது. நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது பொருள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். தலைப்பு 'தமிழின் பெருமை'. பத்து வயதுக்கு உட்பட்ட பிரிவு. ஒவ்வொரு குழந்தையும் வந்து தொன்மை, செம்மை, கல் தோன்றா மண் தோன்றாக் காலம் என்று அப்பா எழுதிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போனது. பல குழந்தைகளின் கையிலிருந்த தாளில் தமிழ்ப் பேச்சு இந்தி எழுத்தில் இருந்தது. ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்த ஒரு பையன் மூன்றாவது வாக்கியத்தில் மறந்துவிட்டான். கீழேயிருந்து அவன் அம்மா உதட்டை அசைத்துக் காட்டினார், புரியவில்லை. கொஞ்ச நேரம் மௌனமாக நின்றான். போய்விடுவான் என்று நினைத்தோம். போகவில்லை. அவனே பேச ஆரம்பித்தான்.

"எங்க வீட்ல தண்ணி காலைல அஞ்சு மணிக்குத்தான் வரும். பாட்டிதான் எழுந்து மோட்டார் போடுவாங்க. பாட்டிக்கு இந்தி தெரியாது. கீழ் வீட்டு ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. பாட்டி தமிழ்ல பேசுவாங்க, ஆன்ட்டி இந்தில பேசுவாங்க. ரெண்டு பேரும் ஒரு நாள்கூட சண்டை போட்டதில்ல. அம்மாவும் ஆன்ட்டியும் இந்திலயே பேசுவாங்க. அவங்கதான் சண்டை போடுவாங்க."

சபை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காலையிலிருந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அவன் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். பையன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "அதனால தமிழ் நல்ல மொழி" என்று முடித்து, வணக்கம் சொல்லி இறங்கினான். அவை அறிதலும் அவை அஞ்சாமையும் ஒரே பையனிடம் இருந்தன.

எங்கள் மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள்: உச்சரிப்பு, கருத்து, மனப்பாடம், மேடைத் தோற்றம். மனப்பாடத்துக்கு அவனுக்குச் சைபர். கருத்து என்ற கட்டத்தில், தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்று குறைத்துப் போட்டோம். போட்டோம் என்று பன்மையில் சொல்கிறேன்; அந்தத் தாளில் நான் போட்டதும் அதே மார்க்தான். கடைசியாக வந்தான். முதல் பரிசு வாங்கிய சிறுமியை மறுபடி பார்த்தபோது, தொன்மை என்றால் என்ன கண்ணு என்று கேட்டேன். தெரியவில்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ழகரம் அட்சர சுத்தமாக இருந்தது. நாங்கள் கேட்டதை அவள் கொடுத்தாள்.

அந்தப் பையன் மறு ஆண்டு போட்டிக்கு வரவில்லை. கேட்டதற்கு, "அவனுக்கு மனப்பாடம் வராது" என்றார் அவன் அப்பா. இப்போது அவன் கல்லூரிக்குப் போகிறான். மெட்ரோ ஸ்டேஷனில் பார்த்தால் வணக்கம் அங்கிள் என்பான். மற்றதெல்லாம் இந்தியில்.

ரெட்டர் பற்றிய விவாதத்தின்போது இதை நான் குழுவில் சொன்னேன். அழைப்பிதழ் தயாரித்த அந்தப் பெண்தான் மறுத்துப் பேசினாள். "அங்கிள், இப்ப இருக்கற அர்த்தத்துல எழுதிக் குடுக்கறவரும் ரெட்டர்தானே? அப்ப அந்தப் போட்டில ரெட்டர் அப்பாதான். பிள்ளை வெறும் மைக்கு" என்றாள். எனக்குத் தோன்றாத விஷயம். சபாஷ் என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கத்தில் நான் தோற்றதையும் ஒப்புக்கொண்டேன். பரிசை அப்பாக்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர்.

எழுதிக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஏதென்ஸிலும் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். நீதிமன்றத்தில் வழக்காளி தானே எழுந்து பேச வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. பேசத் தெரியாதவர்கள் காசு கொடுத்து எழுதி வாங்கி, பாடம் செய்துகொண்டு போவார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் புகழ்பெற்றவர் லிசியஸ். அவருடைய தகப்பனார் சைரக்யூஸ் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸுக்குக் குடியேறியவர். நம்மைப் போலப் பிழைக்க வந்த குடும்பம். அந்நியர் என்பதால் அவருக்கு அந்த ஊரின் மக்கள் சபையில் ஏறிப் பேசும் உரிமை கிடையாது. அவர் எழுதியவற்றுக்கு என்ன பெருமை என்றால், எழுதி வாங்குகிறவர் எப்படிப்பட்ட மனிதரோ அப்படியே அந்தப் பேச்சு இருக்கும். சாதாரணக் குடும்பஸ்தனுக்கு எழுதினால் சாதாரணக் குடும்பஸ்தன் பேசுவது போலவே எளிமையாக இருக்கும். கேட்பவருக்குப் பின்னால் ஒரு கெட்டிக்காரர் இருப்பதே தெரியாது. நம் அப்பா அம்மாக்கள் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அப்படி எழுதட்டும். முனிர்காவில் வளரும் எட்டு வயதுப் பிள்ளை எந்தச் சொற்களைச் சொல்லுமோ அந்தச் சொற்களில் எழுதட்டும். 'தொன்மை' வேண்டுமானால் முதலில் அதைப் பிள்ளைக்கு விளக்கட்டும்.

அடுத்த விழாவுக்காகக் குழுவின் முன் நான் வைத்திருக்கும் யோசனை இதுதான். மனப்பாடம் என்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும். தலைப்பைப் பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் காய்கறி வண்டி, மலை மந்திர் படிக்கட்டு, ஊருக்குப் போன ரயில் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். வீட்டுத் தமிழில் பேசலாம். நடுவில் இந்தி வார்த்தை விழுந்தால் மார்க் குறைக்கக் கூடாது. பேசி முடித்த பிறகு சபையிலிருந்து ஒருவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பிள்ளை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு முக்கியம். சொன்னதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்தான் பேச்சாளன்.

ஆட்சேபணைகள் வராமல் இல்லை. செந்தமிழ் எங்கே போகும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே பிள்ளைகள் செந்தமிழைக் காதால் கேட்கும் இடமே இந்த மேடைதான், அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது அவர் கவலை. அதற்குத் தனியாக ஒப்புவித்தல் போட்டி வைக்கலாம். குறள் சொல்லட்டும், தேவாரம் பாடட்டும். அதை ஒப்புவித்தல் என்றே சொல்வோம், பேச்சு என்று சொல்ல வேண்டாம் என்றேன். அவர் முழுத் திருப்தியடையவில்லை. அவர் கவலை எனக்கும் கொஞ்சம் உண்டு என்பதை மறைக்கவில்லை. இன்னொருவர், "எழுதிக் கொடுக்காவிட்டால் பாதிப் பிள்ளைகள் மேடைக்கே வராதே" என்றார். முதல் ஆண்டு வராதுதான். மூன்று பிள்ளைகள் வந்தாலும் மூன்று பேச்சு கேட்கலாம். இப்போது இருபது பிள்ளைகள் வந்து ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம்.

செயலாளர் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அதனால்தான் வாசகர்களிடம் நேராக வந்திருக்கிறேன். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன். பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது, எந்த எழுத்தில் எழுதினாலும் சரி.

அழைப்பிதழ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆங்கிலப் பக்கத்தில் கடைசியில் 'ஸ்பீக்கர்' என்றுதான் அச்சாயிற்று. என் வாதத்தால் அல்ல, விருந்தினரிடமே அந்தப் பெண் போன் செய்து, "உங்களை ரெட்டர் என்று போடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "அம்மா, நான் பத்து மணி வண்டிக்கு நிஜாமுதீன் போகணும். இருபது நிமிஷம் பேசறவர் என்று போடு" என்றாராம்.